பையனை மட்டும் கேட்கிறார். பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். இதுவரை இங்கே படித்துவிட்டு மட்டும் போனவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஈரோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். போன ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளோடு வந்தேன், திரும்பிப் போகவில்லை. எங்களுக்குள் நடந்ததை இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை. குடி இல்லை, அடி இல்லை. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். பையனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நடு வருடத்தில் டி.சி. வாங்கி இங்கே சேர்த்திருக்கிறேன். சின்னவளுக்கு வருகிற தையில் நான்கு முடிகிறது.

அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம், சொந்த வீடு. நான் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், 22,000 ரூபாய். போன மாதம் கோயம்புத்தூர் கோர்ட்டில் இருந்து சம்மன் வந்தது. விவாகரத்து கேட்டு ஒரு மனு, பையனைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு இன்னொரு மனு. பையனை மட்டும். சின்னவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைப் படித்தபோது அவள் என் மடியில் உட்கார்ந்து கவரில் ஒட்டியிருந்த ஸ்டாம்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

மனுவில் மூன்று காரணம் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சம்பளம் போதாது. பையனின் படிப்பை நடுவில் கெடுத்துவிட்டேன். மூன்றாவது, எனக்கு 'மனநோய்'. சின்னவள் பிறந்த பிறகு ஏழெட்டு மாதம் தூக்கம் இல்லாமல், காரணம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போனதே அவர்தான். மாத்திரை சாப்பிட்டேன், சரியானது, டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினேன். அந்தச் சீட்டின் நகலை இப்போது மனுவோடு இணைத்திருக்கிறார்.

பையனை ஜட்ஜ் கூப்பிட்டுக் கேட்பாராமே? அவனிடம் யாராவது கேட்டால் அப்பா வீட்டில் பெரிய டி.வி. இருக்கிறது என்றுதான் முதலில் சொல்வான். அண்ணனையும் தங்கையையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பார்களா? எட்டு வயது ஆண் பிள்ளை அப்பாவுக்குத்தான் என்று என் பெரியம்மா அடித்துச் சொல்கிறார், அப்படிச் சட்டம் இருக்கிறதா?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் காரில் வந்து இரண்டு பேரையும் வ.உ.சி. பூங்காவுக்குக் கூட்டிப்போய்விட்டு ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறார். கேஸ் முடியும் வரை அனுப்பாதீர்கள், பழக்கம் விட்டுப்போனால் நமக்கு நல்லது என்கிறார் என் வக்கீல். பிள்ளைகள் சனிக்கிழமை ராத்திரியே சட்டை எடுத்து வைத்துவிடுகிறார்கள். என்ன செய்யட்டும்?

—

பவானிக்கரை எழுதியது:

கவலையே படாதீங்க மேடம். கோர்ட்டு எப்பவும் அம்மா பக்கம்தான். அப்பாங்கறவன் ஏடிஎம் மெஷின், பணம் மட்டும் கட்டணும். உங்க வக்கீல் சொல்றதுதான் சரி, அனுப்பாதீங்க.

—

சனிக்கிழமை அப்பா எழுதியது:

பவானிக்கரை தம்பி, நானும் பத்து வருடம் முன்பு உங்களை மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். கஸ்டடி கேட்டுத் தோற்றவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தங்கச்சி பொறுத்துக்கொள்ளணும்.

பஸ் கண்டக்டர் வேலை. விடிகாலை முதல் சர்வீஸ் என்றால் இரண்டரைக்கு எழுந்து போக வேண்டும். மறுநாள் பகலில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் கண் திறக்கும். மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் அம்மா கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனபோது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் நேராகப் போய் ஜி.டபிள்யூ.ஓ.பி., அதாவது பிள்ளையை என்னிடம் ஒப்படைக்கக் கேட்கும் மனு, போட்டேன். அஞ்சு வயது தாண்டிவிட்டது, இனி அப்பாவுக்குத்தான் உரிமை என்று டிப்போவில் ஒருவர் சொன்னதை நம்பி.

கோர்ட்டுக்கு ஒரு மஞ்சள் பை நிறைய ரசீது கொண்டுபோனேன். ஸ்கூல் ஃபீஸ், எல்.கே.ஜி. அட்மிஷன், சைக்கிள் வாங்கிய பில், காதுகுத்துக்கு மோதிரம் அடகு வைத்த சீட்டு வரைக்கும். ஜட்ஜம்மா அதை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: பிள்ளையின் கிளாஸ் டீச்சர் பேர் என்ன? தெரியவில்லை. ராத்திரி யாரோடு படுக்கும்? அம்மாவோடு. காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர்? எங்கள் தெருமுனை டாக்டர் என்றேன், அவர் இரண்டு வருடம் முன்பே கிளினிக்கை மூடிவிட்டாராம். எதற்கு அலர்ஜி? முழித்தேன். பக்கத்தில் நின்ற அவள் அம்மா வாய் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

நான் கெட்ட அப்பா என்று யாரும் எழுதவில்லை. டியூட்டி அப்படி. ஆனால் பிள்ளையின் ஒரு நாள் யார் கையில் ஓடுகிறது என்றுதான் அவர்கள் பார்த்தார்கள். ரசீது என் பெயரில் இருந்தது, நாள் அவள் கையில் இருந்தது.

எனக்குக் கொடுத்தது இரண்டாம், நான்காம் சனிக்கிழமை, காலை பத்து முதல் ஒரு மணி வரை, கோர்ட் வளாகத்திலேயே ஒரு அறையில். உள்ளே ஒரு கால் உடைந்த ஆடும் குதிரை, ஸ்ட்ரைக்கர் இல்லாத கேரம் போர்டு, தரையில் பாய். வாசலில் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் மூன்று தடவை பிள்ளை வரவே இல்லை. காய்ச்சல், உறவில் கல்யாணம், மறுபடி காய்ச்சல். நான்காவது தடவை வந்தாள், என்னைப் பார்த்து 'வாங்க' என்றாள். சொந்த மகள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்கிற மாதிரி. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பைக் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த மூன்று காய்ச்சலும் பிறகு அவள் அம்மாவுக்குத்தான் வினையாக வந்தது. நான் ஒவ்வொரு தடவையும் நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். 'வந்தேன், குழந்தை வரவில்லை' என்று தேதியோடு இருந்தது. ஒரு வருடம் கழித்து நேரத்தைக் கூட்டிக் கேட்டு மனு போட்டபோது ஜட்ஜ் அந்த நோட்டை வரவழைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு மாதம் இரண்டு சனி, ஞாயிறு என் வீட்டிலேயே, ராத்திரி தங்கலோடு. அதற்குள் நானும் டிப்போவில் கெஞ்சி ஷிப்ட் மாற்றியிருந்தேன். தலை பின்னப் பழகியிருந்தேன், கோணலாகத்தான் வரும்.

அதனால் தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமையை நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்காகச் சொல்லவில்லை.

—

கறுப்பு அங்கி எழுதியது:

குடும்ப நீதிமன்றத்தில் பதினேழு வருடமாக வக்கீலாக நிற்கிறேன். உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வக்கீலை மாற்றச் சொல்லவில்லை, ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை யோசனை மோசமானது. கண்டக்டர் அண்ணன் சொன்ன நோட்டுக் கதை மாதிரி பத்துக் கதை எனக்குத் தெரியும்.

பெரியம்மா சொல்லும் 'சட்டம்' எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1956-ஆம் வருட இந்து சிறார் காப்பாளர் சட்டத்தில் 6-ஆம் பிரிவு. பையனுக்கும் திருமணமாகாத பெண்ணுக்கும் இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பிறகு' தாய். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்கிறது அது. இதில் பாதியைக் கேட்டுவிட்டுத்தான் டிப்போவில் இருந்து திண்ணை வரை எல்லோரும் 'அஞ்சு வயசுக்கு மேல் அப்பாவுக்கு' என்கிறார்கள். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஐந்து வயதுக்குக் கீழே தாய் பக்கம் ஒரு சாய்வு உண்டு, அதற்கு மேல் யார் பக்கமும் சாய்வு இல்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. 6-ஆம் பிரிவும் அதற்குக் கீழேதான்.

'அவருக்குப் பிறகு' என்ற சொல்லும் ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு அம்மா மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போக, அப்பா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். கீதா ஹரிஹரன் வழக்கு, 1999 தீர்ப்பு. அப்பா இறந்த பிறகு என்று மட்டும் அதற்குப் பொருள் இல்லை. அவர் அந்தக் குழந்தை விஷயத்தில் இல்லாமல், அக்கறை காட்டாமல் இருந்தாலும் தாய் காப்பாளராகலாம் என்று சொன்னார்கள். காப்பாளர் என்பது வேறு, கஸ்டடி என்பது வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை யாரோடு வசிக்கும் என்பது கஸ்டடி. சொத்து, பத்திரம், கையெழுத்து போன்றவை காப்பாளர் விவகாரம். கஸ்டடி உங்களுக்கு வந்தாலும் அவர் அப்பா இல்லை என்று ஆகிவிடாது.

சின்னவளை அவர் கேட்காததற்கு அவர் மனம் காரணமா, அவருடைய வக்கீல் காரணமா என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் வக்கீலாக இருக்கும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையைத் தாயிடம் இருந்து எடுக்க வேண்டுமானால், தாய் தகுதியற்றவர் என்று தந்தைதான் காட்ட வேண்டும். 2015-ல் ராக்ஸன் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. தோற்கும் மனுவை ஏன் போடுவானேன் என்று விட்டிருப்பார்கள். அந்த விடுபட்ட வரியை வைத்து ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருக்காதீர்கள்.

பையன் விஷயத்தில் கோர்ட் எதைப் பார்க்கும் என்பது 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின் (Guardians and Wards Act) 17-ஆம் பிரிவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், எல்லா மதத்தாருக்கும் பொது, இன்னும் அதில்தான் ஓடுகிறோம். குழந்தையின் வயது, பாலினம், மதம், கேட்பவரின் குணம், வளர்க்கும் திறன், உறவின் நெருக்கம். குழந்தை யோசித்துச் சொல்லும் வயதில் இருந்தால் அதன் விருப்பம். என்ன வயது என்று சட்டம் எண் போடவில்லை. எட்டு வயதில் கேட்பார்கள், ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சம்பளம்: அவர் மனுவில் இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லட்ச ரூபாய் வாங்குகிறேன் என்று அதில் அவரே எழுதிக் கொடுத்திருந்தால், அதை நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். சம்பளம் கூட என்பதற்காகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். யார் கூடச் சம்பாதிக்கிறாரோ அவர் கூடக் கட்ட வேண்டும், அதுதான் நடக்கும். இடைக்கால ஜீவனாம்சம் கேட்கும்போது இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு அது நாடு முழுக்க நடைமுறை. நீங்களும் உங்கள் சீட்டுப் பணம், நகை உட்பட மறைக்காமல் எழுதுங்கள். இன்னொன்று, சமரசம் பேசும்போது 'எனக்கு ஒரு பைசா வேண்டாம், பிள்ளைகளை விட்டால் போதும்' என்று வீராப்பாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கானதை நீங்கள் விடலாம். பிள்ளைகளுக்கானது உங்கள் பணம் இல்லை, விட்டுக்கொடுக்க.

மருத்துவச் சீட்டு: பிரசவத்துக்குப் பிறகு வந்தது, சிகிச்சை எடுத்தது, குணமானது. இதை மறைக்கவே மறைக்காதீர்கள். உங்கள் கவுண்டரில், அதாவது பதில் மனுவில், நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்த டாக்டரிடம் இப்போதைய நிலை பற்றி ஒரு சான்று வாங்குங்கள். நோய் இருந்ததா என்பதை விட, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறீர்கள், வேலைக்கும் போகிறீர்கள். அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார் என்பது அவருக்கும் நல்ல பெயர்தான், அதையும் எழுதுங்கள். எதிராளியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இருக்கும் கவுண்டரை ஜட்ஜ்கள் கொஞ்சம் கூடவே நம்புவார்கள். இது என் அனுபவம், சட்டம் இல்லை.

உங்கள் கேஸில் நான் பயப்படும் இடம் ஒன்றே ஒன்று. நடு வருடத்தில் பள்ளியை மாற்றியது. அதைத்தான் அவர்கள் பிடித்துத் தொங்குவார்கள். புதுப் பள்ளியின் வருகைப் பதிவு, ரேங்க் கார்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை எல்லாம் தயாராக வையுங்கள்.

அண்ணன் தங்கையைப் பிரிப்பதைப் பொதுவாகக் கோர்ட் விரும்பாது. நடக்கவே நடக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். நம் சென்னையில் இருந்தே போன பழைய வழக்கு ரோசி ஜேக்கப், 1973. மூன்று பிள்ளைகள். மூத்த மகன் அப்பாவிடம் இருந்தான், மகளும் கடைக்குட்டியும் அம்மாவிடம் போனார்கள். குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொம்மையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். ஐம்பது வருடமாக எல்லா மனுவிலும் இரண்டு தரப்பும் அந்த வரியை எழுதுகிறோம். கஸ்டடி உத்தரவு கல்வெட்டு இல்லை, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எங்களுக்குப் பயன்படுவது அந்த வரிதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். 'பழக்கம் விட்டுப்போனால் நல்லது' என்பது பழைய காலத்துத் தந்திரம். குழந்தையின் மனதை ஒரு பெற்றோருக்கு எதிராகத் திருப்புவதை இப்போது கோர்ட்டுகள் பெயர் சொல்லியே கண்டிக்கின்றன. 2017-ல் விவேக் சிங் வழக்கில், சின்ன வயதிலேயே அப்பாவிடம் வந்து அங்கேயே வளர்ந்த பெண் குழந்தையை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். அம்மாவை நெருங்கவே வாய்ப்பு தரப்படவில்லை என்பதும் ஒரு காரணம். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நேரில் பார்ப்பது மட்டும் போதாது, முடிந்தால் தினமும் வீடியோ காலில் ஐந்து, பத்து நிமிடம் பேச வேண்டும், அது குழந்தையின் உரிமை என்றார்கள். அனுப்புங்கள். அனுப்பிய நேரம், வந்த நேரம், யார் கூட்டிப்போனார் என்று ஒரு டைரியில் எழுதுங்கள். சண்டைக்காக இல்லை, ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

கடைசியாக, கேஸ் கோயம்புத்தூரில் இருக்கிறது. சின்னக் குழந்தையோடு நூறு கிலோமீட்டர் போய்வர முடியவில்லை என்று ஈரோட்டுக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். இதைப் பற்றி உங்கள் வக்கீலிடம் பேசுங்கள்.

—

நூல்கண்டு எழுதியது:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன்.

கண்டக்டர் அண்ணா, உங்கள் கேள்விகளை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். கிளாஸ் டீச்சர், டாக்டர், அலர்ஜி எல்லாம் தெரிந்தது. பையனின் ஷூ அளவு தெரியவில்லை, வாங்கித் தருவது எப்போதும் அவர்தான். டீச்சர் பெயர் அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். போன வாரமே பள்ளிக்குப் போன் செய்து டீச்சரிடம் பத்து நிமிடம் பேசியிருக்கிறார், டீச்சரே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

வக்கீல் சாரா மேடமா தெரியவில்லை, ஒரு சந்தேகம். என் தம்பி பெங்களூரில் யாரோ ஒரு வாரம் அப்பா வீடு, ஒரு வாரம் அம்மா வீடு என்று வைத்திருப்பதாகச் சொல்கிறான். அப்படி நாமே கேட்கலாமா?

—

கறுப்பு அங்கி எழுதியது:

மேடம்தான்.

கேட்கலாம். கூட்டாக வளர்ப்பது பற்றி நம் சட்டத்தில் தனியாகப் பிரிவு ஏதும் கிடையாது. 2015-ல் சட்ட ஆணையம் தனது 257-ஆவது அறிக்கையில் அதைச் சட்டமாக்கச் சொன்னது, தந்தைக்கு முதலிடம் தரும் 6-ஆம் பிரிவையும் மாற்றச் சொன்னது. அறிக்கை இருக்கிறது, சட்டம் வரவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று பட்டால், கோர்ட் அதை உத்தரவாக்கும். பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பார்கள். ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் வாரம் மாற்றி வாரம் என்றால் பையன் எந்த ஊர்ப் பள்ளியில் படிப்பான்? உங்களுக்கு ஒத்துவருவது வேறு மாதிரி: பள்ளி நாட்கள் ஓர் இடம், மாதம் இரண்டு வார இறுதி மற்ற இடம், அரையாண்டு விடுமுறையிலும் மே மாத விடுமுறையிலும் பாதிப் பாதி. தீபாவளி ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே. பொங்கலுக்குத்தான் சண்டை வரும், மூன்று நாள் இருக்கிறதே.

—

பதினொரு வயசு எழுதியது:

அக்கா, ஜட்ஜ் கூப்பிட்டுக் கேட்பாரா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதினொன்று, இப்போது இருபத்தாறு. அந்தப் பக்கத்தில் இருந்து யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

முதலில் கோர்ட்டில் பிள்ளைகளிடம் பேசும் கவுன்சிலர் (ஆலோசகர்). இரண்டு தடவை. வீடு வரையச் சொன்னார். எந்த வீட்டை வரைய என்று கேட்டேன். உனக்குப் பிடித்தது என்றார். நான் பள்ளிக்கூடத்தை வரைந்தேன். அதை அவர் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார் என்பது பத்து வருடம் கழித்து அப்பா அலமாரியில் கேஸ் கட்டைப் படித்தபோது தெரிந்தது. கவுன்சிலரிடம் சொல்வது ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் ஜட்ஜின் அறை. அம்மாவும் அப்பாவும் வெளியே. அதற்கு மூன்று நாள் முன்பிருந்து பாட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்: 'எனக்கு அம்மாதான் வேணும் ஐயா, அப்பா அடிப்பார்.' அப்பா ஒருநாளும் அடித்ததில்லை. நானும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி.

ஜட்ஜ் யார் வேண்டும் என்று கேட்கவே இல்லை. காலையில் யார் எழுப்புவார்கள், டிபன் பாக்ஸில் என்ன இருந்தது, கணக்கில் எது வரவில்லை, ராத்திரி பயம் வந்தால் யார் பக்கத்தில் போய்ப் படுப்பாய், கிரிக்கெட்டில் என்ன செய்வாய். பதினைந்து நிமிடம் இருக்கும். எனக்கோ மனப்பாடம் செய்தது வீணாகிவிடுமே என்று பயம். எழுந்து கதவு வரை போனவன் திரும்பி, 'எனக்கு அம்மாதான் வேணும் ஐயா, அப்பா அடிப்பார்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'சரிப்பா, இதை யார் சொல்லித் தந்தது?' என்றார். 'பாட்டி' என்றேன். உடனே.

அம்மாவிடம்தான் இருக்கச் சொன்னார்கள். அது பாட்டியால் இல்லை, பாட்டியை மீறி. அதற்காகவே அப்பாவுக்குக் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தது என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

உத்தரவு எனக்கு வலிக்கவில்லை அக்கா. வலித்தது பஸ் ஸ்டாண்ட்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கொண்டுவந்து விடுவார், அப்பா வந்து கூட்டிப்போவார், நடுவில் பத்தடி நான் தனியாக நடக்க வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். திரும்பி வந்தால் பாட்டி பையைத் தலைகீழாகக் கொட்டுவார், அப்பா என்ன வாங்கித் தந்தார் என்று பார்க்க. அப்பா வீட்டில் வாங்கிய சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வரப் பழகினேன்.

டி.வி. என்று உங்கள் பையன் சொன்னால் சொல்லட்டும். எட்டு வயதுப் பையன் டி.வி. என்று சொல்வான் என்பது ஜட்ஜுக்குத் தெரியும். நீங்கள் எதையும் சொல்லித் தராமல் இருந்தால் போதும்.

—

கறுப்பு அங்கி எழுதியது:

தம்பி சொன்ன 'ரகசியம்' பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சாதாரண மீடியேஷனில் (சமரசப் பேச்சில்) பேசுவது வெளியே போகாது. குழந்தையின் கஸ்டடி விஷயத்தில் அப்படி இல்லை, கவுன்சிலரின் அறிக்கையை நீதிபதி பார்க்கலாம் என்று 2019-ல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அறையில் நீங்கள் எதிராளியைப் பற்றிக் கொட்டும் வசவும் அதில் ஏறலாம். பார்த்துப் பேசுங்கள்.

—

பவானிக்கரை எழுதியது:

நான் எழுதினதை எடுத்துடலாம்னு பார்த்தேன், எடிட் ஆப்ஷன் காணோம். கண்டக்டர் அண்ணே, பொண்ணு இப்ப எப்படி இருக்கு?

—

சனிக்கிழமை அப்பா எழுதியது:

பதினாறு முடிந்துவிட்டது தம்பி. பிளஸ் ஒன். இப்போது கோர்ட் உத்தரவை யாரும் பார்ப்பதில்லை, அவளுக்கு இஷ்டமான நாளில் வருகிறாள், பெரும்பாலும் செல்போன் ரீசார்ஜ் தீர்ந்த நாளில். தலையை அவளே பின்னிக்கொள்கிறாள்.

—

நூல்கண்டு எழுதியது:

இந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்பினேன். ஆறு மணிக்குச் சரியாகக் கொண்டுவந்து விட்டார். வழக்கமாக வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போவார், இந்தத் தடவை இறங்கினார். சின்னவள் அவர் தோளில் தூங்கிவிட்டாள், அதனால் இறங்க வேண்டியதாகிவிட்டது. பையனின் ஷூ என்ன அளவு என்று கேட்டேன். 'இரண்டு. ஆனா மே மாசத்துக்குள்ள மூணு ஆயிடும்' என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. டைரியில் எழுதி வைத்தேன்.

பெரியம்மாவிடம் பையனுக்கு எதுவும் சொல்லித் தரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முகம் தூக்கிக்கொண்டு இருக்கிறார்.

மேடம், கேஸை மாற்றும் மனுவைப் பற்றி என் வக்கீலிடம் கேட்டேன், போடலாம் என்கிறார். அதற்கு மதுரைக்குப் போக வேண்டுமா, சென்னையா? நான் நேரில் நிற்க வேண்டுமா? லீவ் இனி நான்கு நாள்தான் பாக்கி.

—

கறுப்பு அங்கி எழுதியது:

ஈரோடும் கோயம்புத்தூரும் சென்னை அமர்வுக்குக் கீழே வருகின்றன, மதுரை இல்லை. நீங்கள் போக வேண்டியதில்லை. வக்காலத்திலும் பிரமாணப் பத்திரத்திலும் ஈரோட்டிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், சென்னையில் உள்ள வக்கீல் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பையனின் புதுப் பள்ளியில் இருந்து அங்கே படிக்கிறான் என்று ஒரு போனஃபைட் சான்று, உங்கள் சம்பளச் சீட்டு, கோயம்புத்தூர் மனுவின் நகல். இந்த நான்கையும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கோயம்புத்தூரில் அடுத்த வாய்தா என்றைக்கு? மனு சென்னையில் கிடப்பில் இருக்கிறது என்று நினைத்து அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள், எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள், அதாவது நீங்கள் இல்லாமலேயே கேஸை நடத்திவிடுவார்கள். அந்த நான்கு நாளில் ஒன்றை அதற்கு எடுத்து வையுங்கள்.